வகுப்பில் கோபம் கொப்பளிக்கும் குழந்தைக்கு உதவுவது எப்படி? ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பென்சிலை யாராவது தொட்டால் அடி விழும். ‘தப்பு, திருத்தி எழுது’ என்றால் நோட்டு பறக்கும். வரிசையில் பின்னால் போய் நிற்கச் சொன்னால் ஒரே கத்தல். தொடக்க வகுப்புகளில் பாடம் எடுப்பவர்களில் இப்படி ஒரு குழந்தையைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். அந்த ஒருவருக்கே பாதி பீரியட் போய்விடுகிறது. மற்ற பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். ஆசிரியரோ அன்றைய பாடமும் முடியாமல், மனமும் சரியில்லாமல் வீடு திரும்புகிறார்.

கோபம் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் குழந்தைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. கற்றுக்கொடுப்பதெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். குழந்தை அமைதியாக இருக்கும்போது ‘அப்பாடா’ என்று விட்டுவிடுகிறோம், கத்தும்போதுதான் அறிவுரையை ஆரம்பிக்கிறோம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வேலையைச் சரியான நேரத்துக்கு மாற்றிவைப்பதற்கானவை.

அறிவுரை ஏன் அப்போது ஏறுவதில்லை என்பதற்குக் காரணம் உடம்பில் இருக்கிறது. ஆபத்து வந்துவிட்டது என்று மூளை முடிவு செய்ததும், அமிக்டலா என்ற சிறு பகுதி உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார்படுத்துகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. நின்று யோசிக்கவும் பொறுத்துக்கொள்ளவும் உதவும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுமையாக முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். ஏழு வயதுக் குழந்தையிடம் ‘ஏன் இப்படிப் பண்ணினே?’ என்று அந்த நேரத்தில் கேட்டால் பதில் வராதது அழுத்தக்காரத்தனம் அல்ல. அதற்கே தெரியாது.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எந்த உத்தியையும் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பிறகு அதற்கு என்ன கிடைத்தது. கூடவே கிழமை, மணி, பாடம், பக்கத்தில் இருந்தது யார். நடத்தை ஆய்வில் நெடுங்காலமாகப் புழங்கும் முறை இது. என்னைக் கேட்டால், ஆசிரியர் கையில் இருப்பதிலேயே பலன் தரும் கருவி இந்த நோட்டுதான்.

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘திமிராக நடந்துகொண்டான்’ என்று எழுதினால் அது நம் முடிவு. ‘இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை, நோட்டை மூடிவைத்தான்’ என்பதுதான் குறிப்பு.

ஒரு மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிய குறிப்புகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

திங்கள், 11.20, கணக்கு. கரும்பலகையில் உள்ள ஐந்து கணக்குகளை எழுதச் சொன்னேன். இரண்டாவதை எழுதி ரப்பரால் அழித்தான். மறுபடி எழுதினான், மறுபடி அழித்தான். தாள் கிழிந்தது. நோட்டை வீசினான். வெளியே நிற்க வைத்தேன். பீரியட் முடிந்து வந்தபோது அமைதியாக இருந்தான்.

புதன், 11.35, கணக்கு. எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பையன் ‘இன்னும் முடிக்கலையா?’ என்று கேட்டான். பெஞ்சைத் தள்ளினான். வெளியே நிற்க வைத்தேன்.

வியாழன், 2.10, அறிவியல். கேள்விக்குப் பதிலைப் பார்த்து எழுதச் சொன்னேன். அழித்து அழித்து எழுதினான். ‘சீக்கிரம்’ என்றேன். ‘முடியாது போங்க’ என்று கத்தினான்.

வெள்ளி, 10.15. வாய்மொழிக் கணக்கு. நான்கு கேள்விக்கு முதல் ஆளாகக் கை தூக்கினான். பிரச்சினை இல்லை.

இந்த நான்கு குறிப்பிலேயே நிறைய இருக்கிறது. கணக்கு அவனுக்கு எதிரி இல்லை, எழுதுவதுதான் சிக்கல். ரப்பரை இரண்டாம் முறை எடுத்த அந்த நொடியிலிருந்து கோபம் ஏற ஆரம்பிக்கிறது. அதைவிட முக்கியம், வெளியே நிற்க வைத்ததால் எழுத்து வேலையிலிருந்து அவன் தப்பித்துவிட்டான். நாம் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலையாக இருந்திருக்கிறது. அடுத்த முறை எழுதச் சொல்லும்போது நோட்டை வீச அவனுக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

கத்தாத கோபத்தையும் குறிக்க மறந்துவிடாதீர்கள். சில பிள்ளைகள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள், பேனாவைத் தொட மாட்டார்கள், யாரோடும் பேச மாட்டார்கள். வகுப்புக்குத் தொந்தரவு இல்லை என்பதால் இவர்களை நாம் கவனிப்பதில்லை. உள்ளே நடப்பது பல சமயம் அதே கதைதான்.

படி 2: அந்தக் கோபத்தால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?

திரும்பத் திரும்ப வரும் நடத்தைக்குப் பின்னால் பொதுவாக நான்கில் ஒன்று இருக்கும். பிடிக்காத, முடியாத வேலையிலிருந்து தப்பிப்பது. யாருடைய கவனமாவது கிடைப்பது, அது திட்டாக இருந்தாலும் சரி. வேண்டிய பொருளோ வாய்ப்போ கிடைப்பது. கடைசியாக, சத்தம், நெரிசல், வெளிச்சம் போன்றவை தாங்காமல் உடம்பு தேடும் ஆறுதல். உங்கள் குறிப்பில் ‘அதன் பிறகு என்ன கிடைத்தது’ என்ற பகுதியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் வைத்தியம் எதிராகப் போகும். கவனத்துக்காகக் கத்தும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விடுவது பலன் தரலாம். பாடம் புரியாத அவமானத்தில் கத்தும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது இன்னும் தனியாகிவிடும்.

அடிப்படையான சிலவற்றையும் சரிபார்க்க வேண்டும். கரும்பலகை தெரிகிறதா? காது சரியாகக் கேட்கிறதா? வயதுக்கேற்றபடி வாசிக்க முடிகிறதா? தூக்கம் போதுமா? 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பெரியவர்கள் தூக்கம் குறைந்தால் சோர்ந்துபோவார்கள், பிள்ளைகளோ பல சமயம் துறுதுறுவென்றும் எரிச்சலாகவும் ஆவார்கள். இடைவேளையில் யாராவது கேலி செய்கிறார்களா என்பதையும் பாருங்கள். இடைவேளை முடிந்த முதல் பத்து நிமிடத்தில்தான் தினமும் சண்டை என்றால், காரணம் வகுப்பில் இல்லை, மைதானத்தில் இருக்கிறது.

படி 3: குழந்தையை மாற்றும் முன் சூழலை மாற்றுங்கள்

மேலே சொன்ன பையனுக்கு ஐந்து கணக்கு எழுத வேண்டிய இடத்தில் முதலில் இரண்டு கொடுக்கலாம். அதை முடித்துக் காட்டியதும் அடுத்த இரண்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள் கொடுத்து விடையை மட்டும் எழுதச் சொல்லலாம். ‘தப்பானால் அழிக்க வேண்டாம், ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுது’ என்ற ஒரு விதி போதும், கிழிந்த தாளோடு தொடங்கும் சண்டைகள் பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு. கூடவே எழுத்துத் திறனுக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். இல்லாவிட்டால் வேலையைக் குறைத்துக்கொண்டே போவதுதான் மிச்சம்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கடினமானது. ‘இன்னும் ஐந்து நிமிஷத்தில் வரைவதை நிறுத்தப் போகிறோம்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அன்றைய கால அட்டவணையைக் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். அதில் ஏதாவது மாறுவதாக இருந்தால் காலையிலேயே அந்தக் குழந்தையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கொடுப்பது நல்ல பலன் தரும். ‘முதலில் கணக்கா, கையெழுத்தா?’ என்று கேட்டால் இரண்டும் செய்தாக வேண்டியதுதான், ஆனாலும் முடிவு குழந்தையுடையது. அதேபோல் ‘இதை முடித்தால் அது’ என்ற வரிசை. பிடிக்காத வேலைக்குப் பின் பிடித்ததை வைத்தால் முதல் வேலை நடக்கும் என்பதை உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959இல் ஆய்வாக எழுதினார். பாட்டிமார் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்ததுதான்.

படி 4: உறவு

‘இரண்டு நிமிடம், பத்து நாள்’ என்று ஆசிரியர்களிடையே புழங்கும் ஒரு முறை உண்டு. தொடர்ந்து பத்துப் பள்ளி நாள்கள், ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிடம் அந்தக் குழந்தையோடு பேச வேண்டும். பாடம், நடத்தை, வீட்டுப்பாடம் எதுவும் பேசக் கூடாது. அதற்குப் பிடித்த விளையாட்டு, வீட்டில் உள்ள நாய்க்குட்டி, வரைந்த படம், இவைதான் பேச்சு. முதல் மூன்று நாள் ஒற்றை வார்த்தையில் பதில் வரலாம். விடாமல் பேசுங்கள். எப்போதும் திட்டு வாங்கும் குழந்தைக்கு ஆசிரியர் அருகில் வந்தாலே உடம்பு இறுகிப்போகும். இந்தப் பத்து நாளில் மாற வேண்டியது அதுதான்.

பாராட்டும்போது எதற்கு என்று சொல்லுங்கள். ‘நல்ல பையன்’ என்பது போதாது. ‘அவன் ஸ்கேலை எடுத்தப்போ கையை ஓங்காம எங்கிட்ட வந்து சொன்னியே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு’ என்று சொன்னால் அடுத்த முறை எதைச் செய்ய வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியும். கண்டிப்பு ஒன்றுக்குப் பாராட்டு நான்கைந்து என்பது பலரும் பரிந்துரைக்கும் கணக்கு. எல்லோர் முன்னாலும் பாராட்டினால் கூசிப்போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பெஞ்சருகே குனிந்து மெல்லிய குரலில் சொன்னால் போதும்.

படி 5: அமைதியான நேரத்தில் பயிற்சி

எல்லாவற்றிலும் அதிக உழைப்பு இங்கேதான். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முழு வகுப்புக்கும் சேர்த்தே செய்யலாம். அப்படிச் செய்தால் அந்தக் குழந்தை மட்டும் தனியாகத் தெரியாது.

முதலில் உணர்ச்சிக்குப் பெயர். பல பிள்ளைகளிடம் ‘கோபம்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, பயம், வெட்கம், அவமானம் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். ‘எனக்குக் கோபம் இல்லை மிஸ், எல்லாரும் சிரிச்சாங்க, அசிங்கமா இருந்துச்சு’ என்று ஒரு குழந்தை சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து உடம்பின் அறிகுறி. கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். காது சூடாகும், பல் கடிபடும், கை மூடிக்கொள்ளும், வயிறு இறுகும். 1 முதல் 5 வரை ஒரு வெப்பமானி வரைந்து, ஒவ்வோர் எண்ணிலும் தன் உடம்பு எப்படி இருக்கும் என்று குழந்தையே எழுதட்டும், அல்லது வரையட்டும். நமக்கு வேண்டியது 5 இல்லை. 2-லும் 3-லும் இருக்கும்போதே அது தன்னைக் கவனிக்கப் பழக வேண்டும். அங்கேதான் ஏதாவது செய்ய முடியும்.

மூச்சுப் பயிற்சியில் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விடச் சொல்லுங்கள். வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணுவதைவிட, விரலை மெழுகுவர்த்தியாக நினைத்து மெதுவாக ஊதுவது எளிது.

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் ‘ஆமை உத்தி’ நன்றாகப் பிடித்துப்போகும். கோபம் வந்தால் நில், கைகளைக் கட்டித் தலையைக் குனிந்து ஓட்டுக்குள் போ, மூன்று முறை மூச்சு விடு, என்ன செய்யலாம் என்று யோசித்துவிட்டு வெளியே வா. இதையே விளையாட்டாகத் தினமும் நடித்துப் பழகினால்தான் நிஜமான கோபத்தில் கை தானாக மடங்கும்.

‘தலையணையைக் குத்து, கோபம் வெளியே போயிடும்’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். கல்லூரி மாணவர்களை வைத்து உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட பரிசோதனையில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். குத்திப் பழகினால் குத்தத்தான் பழகும்.

கடைசியாக, அடிக்கும் கைக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வேண்டும். ‘அதைத் திருப்பிக் கொடு’, ‘எனக்கு இது புரியல, உதவி வேணும்’, ‘எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும்’. பேச்சு வராத நேரத்துக்கு ஒரு சின்ன அட்டை. அதை மேசைமேல் வைத்தால் ஓய்வு வேண்டும் என்று அர்த்தம். ஜன்னலோர நாற்காலியில் மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். ‘அட்டையை வைத்து ஏமாற்ற மாட்டார்களா?’ என்ற கேள்வி நியாயமானதே. ஒரு நாளைக்கு மூன்று அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு முடிந்ததும் அதே வேலைக்குத்தான் திரும்ப வேண்டும். நோட்டை வீசித் தப்பிப்பதைவிட அட்டையை வைத்துக் கேட்பது எவ்வளவோ மேல்.

படி 6: கோபம் ஏறத் தொடங்கும்போது

மாணவர் நடத்தையை ஆராய்ந்த கல்வியாளர்கள் ஜெஃப் கால்வின், ஜார்ஜ் சுகாய் ஆகியோர் 1989இல் இந்த ஏற்ற இறக்கத்தை ஏழு கட்டங்களாகப் பிரித்தார்கள்: அமைதி, தூண்டல், பதற்றம், வேகமெடுத்தல், உச்சம், தணிதல், மீளல். கோபம் ஏறாமல் தடுக்க ஆசிரியருக்கு அதிக வாய்ப்பு இருப்பது மூன்றாவது கட்டம்வரைதான். அதனால்தான் அந்த ரப்பர் அவ்வளவு முக்கியம்.

இரண்டாம் முறை அவன் ரப்பரை எடுத்ததும் அருகில் போங்கள். நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், முடிந்தால் அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து. குரல் அவனுடைய குரலைவிடத் தாழ்ந்திருக்கட்டும். ‘இந்தக் கணக்கு கொஞ்சம் படுத்துது இல்ல? முதல் வரி நான் எழுதறேன், ரெண்டாவது நீ எழுது.’ இவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுங்கள். தலைக்குமேல் நின்றுகொண்டே இருந்தால் கட்டளையாகிவிடும். பணிவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும், மற்றவர்கள் பார்க்காத நேரம்.

‘கோபப்படாதே’, ‘முதல்ல அமைதியா இரு’, ‘உன் தங்கச்சி எப்படி இருக்கா பாரு’, ‘இன்னொரு தடவை பண்ணினா பார்’ — இவை எல்லாம் கோப வெப்பமானியில் 3-ஐ 5 ஆக்கும். வாக்குவாதமும் அப்படித்தான். ‘நான் பண்ணலை’ என்று கத்தும்போது சாட்சிகளைக் கூப்பிட்டு நிரூபிக்க வேண்டாம். ‘சரி, அதை அப்புறம் பேசலாம். இப்போ வா, தண்ணி குடிச்சிட்டு வரலாம்’ என்பது போதும்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். குழந்தை எதிர்த்துப் பேசும்போது நமக்கும் அதே அமிக்டலாதான் வேலை செய்கிறது. பேசுவதற்கு முன்னால் ஒரு நீண்ட வெளிமூச்சு விடுங்கள். குரல் நடுங்குகிறது என்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

படி 7: உச்சத்தில்

இப்போது பாதுகாப்பு மட்டும்தான். கத்தரிக்கோல், ஜியாமெட்ரி பாக்ஸ் போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். குழந்தையை இழுத்து வெளியே தள்ளுவதைவிட மற்ற பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது எளிது, பார்வையாளர் கூட்டமும் கலைந்துவிடும். யாருக்காவது காயம் ஏற்படும் என்ற நிலை தவிர, கையைப் பிடிக்காதீர்கள். தனியறையில் பூட்டிவைப்பது கூடவே கூடாது. ஒரு பெரியவர் சற்றுத் தள்ளி, பேசாமல், கண்பார்வையில் இருந்தால் போதும். ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்று ஒரு முறை சொல்லலாம்.

படி 8: அடங்கிய பிறகு

அழுகை நின்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உடம்பு பழைய நிலைக்கு வர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் விசாரித்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். தண்ணீர் கொடுங்கள், வண்ணம் தீட்டுவது, புத்தகம் அடுக்குவதுபோல் சுலபமான வேலை ஏதாவது கொடுங்கள்.

பேச்சு பிறகு, தனியாக, ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும். ‘என்ன ஆச்சு? உடம்பில் எப்போ தெரிஞ்சது? அந்த நேரத்தில் உனக்கு என்ன வேணும்னு தோணுச்சு? அடுத்த தடவை அதை எப்படிக் கேட்கலாம்?’ இந்த நான்கு கேள்வியும் போதும். பதில் வராவிட்டால் படமாக வரையச் சொல்லுங்கள்.

அதன் பிறகு சரிசெய்தல். கிழிந்த நோட்டை ஒட்டட்டும், தள்ளிய பெஞ்சை நிமிர்த்தட்டும், அடிபட்ட பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று அதுவே யோசிக்கட்டும். வகுப்பின் முன்னால் நிறுத்தி ‘சாரி சொல்லு’ என்று வாங்கும் மன்னிப்பு அடுத்த சண்டைக்கு வித்து. கடைசியாக, விட்ட வேலைக்கு அன்றே திரும்ப வேண்டும், ஒரே ஒரு கணக்காக இருந்தாலும் சரி. இதை விட்டுவிட்டால் வீசினால் தப்பிக்கலாம் என்ற பழைய பாடம் அப்படியே நிற்கும்.

‘அவனுக்கு மட்டும் ஏன் அட்டை?’ என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். ‘ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்னு கஷ்டம். உனக்கு எது கஷ்டமோ அதுக்கு உனக்கும் உதவி கிடைக்கும்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். அடி வாங்கிய குழந்தையின் பயத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். கோபக்காரக் குழந்தைக்கு உதவும் ஆர்வத்தில் இது விட்டுப்போவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

படி 9: வீட்டோடு பேசுவது

பெற்றோருக்கு உங்களிடமிருந்து போகும் முதல் செய்தி நல்ல செய்தியாக இருக்கட்டும். எப்போதும் புகார் மட்டுமே வந்தால் போனைப் பார்த்ததுமே அவர்களுக்கு மனம் சுருங்கிவிடும். பிறகு அழைத்துப் பேசும்போது குறிப்பு நோட்டைக் காட்டுங்கள். வீட்டில் எப்போது கோபம் வரும், எப்படிச் சமாளிக்கிறார்கள், சமீபத்தில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேளுங்கள். பிள்ளையை அவர்களைவிட யாருக்கும் தெரியாது.

தினமும் ஒரு சிறு அட்டை அனுப்பலாம். இரண்டு மூன்று இலக்கு போதும்: ‘உதவி வேணும்னு கேட்டேன்’, ‘கையை என்னோடு வைத்துக்கொண்டேன்’. ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு குறி. தொடக்கத்தில் எளிதாக எட்டும் அளவில் வைத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். பரிசு பொருளாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவோடு பதினைந்து நிமிடம் விளையாட்டு என்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய பரிசு.

புகார் போனால் வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால், அட்டையில் நல்லதை மட்டும் எழுதுங்கள், மற்றதை நேரில் பேசுங்கள். உடலாலும் மனத்தாலும் நேரும் வன்முறையிலிருந்து குழந்தையைக் காக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு. அது பள்ளிக்கும் பொருந்தும். அடித்து அடக்கப்பட்ட குழந்தை கற்றுக்கொள்வது, பலம் உள்ளவர் கோபத்தில் அடிக்கலாம் என்பதைத்தான்.

படி 10: பலன் தெரிகிறதா?

பழைய வழி இனிப் பலிக்காது என்று தெரியும்போது குழந்தை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். அதனால் முதல் ஓரிரு வாரங்கள் நிலைமை மோசமாவதுபோலத் தெரியலாம். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். நான்கிலிருந்து ஆறு வாரமாவது ஒரே மாதிரி செய்யுங்கள். வாரத்துக்கு எத்தனை சம்பவம், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று எண்ணிவாருங்கள். சம்பவங்கள் அதே எண்ணிக்கையில் இருந்தாலும், இருபது நிமிடக் கத்தல் எட்டு நிமிடமாகியிருந்தால் அது முன்னேற்றமே.

அப்படியும் மாற்றமே இல்லை என்றாலோ, குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, ‘செத்துப்போகணும்’ என்பதுபோல் பேசினாலோ, சாதுவாக இருந்த பிள்ளை திடீரென்று மாறிப்போனாலோ, உடம்பில் காயங்கள் தென்பட்டாலோ காத்திருக்கக் கூடாது. பள்ளித் தலைமையிடம் உடனே சொல்லி, குழந்தை உளவியலாளர் அல்லது மனநல மருத்துவரின் உதவியைப் பெற வேண்டும். பிள்ளைகளின் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் எரிச்சலாக வெளிப்படுவது உண்டு. கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பதற்றக் கோளாறு ஆகியவையும் வகுப்பில் கோபமாகவே தெரியலாம். எது என்று நாம் பெயர் சூட்ட வேண்டாம். நம் குறிப்பு நோட்டை மருத்துவரிடம் கொடுத்தாலே அவருக்குப் பெரிய உதவி.

மாற்றம் நிலைத்துவிட்டது என்று தோன்றினால் உதவியை மெதுவாகக் குறையுங்கள். மூன்று ஓய்வு அட்டை இரண்டாகட்டும், தினசரிக் குறி வாரத்துக்கு இரண்டு நாளாகட்டும், பிறகு குறியைக் குழந்தையே போடட்டும். சில நாள் அதன் குறியும் உங்கள் குறியும் ஒத்துப்போகாது. அந்த நாள்களில் உட்கார்ந்து ஏன் என்று இருவரும் பேசுங்கள். நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் மட்டும் எல்லாவற்றையும் பழைய அளவுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.